மறுகாக் கோடு

எங்கள் பக்கத்தில் ‘மறுகா’ என்றால் பிறகு. மறுகா வாங்க, மறுகா பாப்பம், மறுகா தாறன். கல்முனையில் வீடு கட்டுகிறவர்கள் வாயில் இந்தச் சொல் வராமல் ஒரு பேச்சும் முடியாது. நான் வீட்டுப் படம் கீறிக் கொடுக்கிறவன். என் முன்னால் வந்து உட்கார்ந்த எவரும் ஒரு முழு வீட்டை ஒரே தடவையில் கட்டப்போவதாகச் சொன்னதில்லை. மண்டபமும் இரண்டு அறையும் குசினியும் இப்போது. மேல்மாடி மறுகா, அது இளைய மகளுக்கு. பின்னால் ஒரு குளியலறை, அது மகன் கட்டாருக்குப் போய்ச் சேர்ந்த மறுகா. ஆனால் படத்தில் மட்டும் எல்லாம் இன்றைக்கே இருக்க வேண்டும். மாடி படத்தில் இருந்தால்தான் தூணில் கம்பியை நீட்டி விடலாம், கம்பி நீட்டியிருந்தால்தான் இளைய மகளைக் கேட்டு வருகிறவர்களுக்குக் காட்டலாம்.

இங்கே வீடு பெண்ணுக்கு. பெண் பிறந்த வீட்டில் வாப்பா கல்லையும் சீமெந்தையும் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பையோடு பெண் வீட்டுக்கு வருவான். அவன் பிறந்த வீடு அவனுடைய ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போய்விடும். அவன் வாழ்கிற வீடு பெண்சாதியின் வீடு, அது நாளைக்கு மகளின் வீடு. எத்தனையோ வீடுகள் கீறியிருக்கிறேன், ஆணுக்கென்று ஒரு சுவர் கீறியதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் வாப்பாவும் அப்படித்தான் வாழ்ந்தார், நானும் அப்படித்தான் ஒரு பையோடு வந்தேன்.

படம் கீறுகிற மென்பொருளோடு சேர்ந்து வருகிற கோடுகளைப் பார்த்தால் அதைச் செய்தவர்கள் எந்த ஊரை நினைத்துச் செய்தார்கள் என்று தெரியும். வெந்நீர்க் குழாய்க்கு ஒரு கோடு, எரிவாயுக் குழாய்க்கு ஒரு கோடு, தண்டவாளத்துக்கு ஒரு கோடு. கல்முனைக்கு ரயிலே வருவதில்லை. வரம்புக்குக் கோடு கிடையாது, வாய்க்காலுக்குக் கிடையாது, தென்னங்கிடுகு வேலிக்குக் கிடையாது. ஆலையடிவேம்பில் இருந்து ஒரு நில அளவையாளர் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்காணிகளை அளந்துகொண்டு வந்து என்னிடம் கீறத் தருவார். ஒரு காணிக்குள் வரம்பும் வாய்க்காலும் முள்ளுக்கம்பியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கீறிவிட்டுப் பக்கத்தில் எழுத்தில் எழுதி வைப்பதுதான் மற்றவர்களின் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. வாய்க்காலும் மதிலும் ஒரே கோடாக இருக்கிற படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். இறங்குவதா முட்டுவதா என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

அதனால் கோடு எழுதப் படித்துக்கொண்டேன். ஆம், எழுதத்தான். புதுக் கோடு ஒன்று வேண்டும் என்றால் அதைக் கீறிக் காட்ட முடியாது, ஒரு வெறும் எழுத்துக் கோப்பில் எண்களாக எழுத வேண்டும். முதல் வரியில் ஒரு நட்சத்திரக் குறி, பிறகு கோட்டின் பெயர். அடுத்த வரியில் அளவுகள். கூட்டல் எண் வந்தால் பேனா அந்த நீளத்துக்குக் கீறும். கழித்தல் எண் வந்தால் பேனாவைத் தூக்கிக்கொண்டு அந்த நீளத்தைத் தாண்டும். சைபர் வந்தால் ஒரு புள்ளி குத்தும். இடையில் எழுத்தோ சின்ன உருவமோ வைக்கலாம். கடைசி வரியின் முடிவில் ஒரு தட்டுத் தட்டி அடுத்த வரிக்குப் போகாவிட்டால் கோடு ஏறாது, ஏன் ஏறவில்லை என்றும் சொல்லாது. இந்தக் கடைசித் தட்டு தெரியாமல் நான் பல நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். முள்ளுக்கம்பிக்குக் குறுக்குக் கீறல், கிடுகு வேலிக்கு நெருங்கின சாய்வுகள், வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும் திசையில் அம்பு. ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், கோட்டை எவ்வளவு தூரம் இழுத்தாலும் அது தன்பாட்டில் தன்னையே திருப்பித் திருப்பிக் கீறிக்கொண்டு போகும்.

மறுகாக் கட்டப்போகிற பகுதிக்கு முதலில் வெறும் விட்டுவிட்ட கோடுதான் போட்டேன். அது வம்பாகப் போயிற்று. கூரை விளிம்புக்கும் விட்டுவிட்ட கோடு, தலைக்கு மேல் போகிற பீமுக்கும் விட்டுவிட்ட கோடு. சாய்ந்தமருதில் ஒருவர் வீட்டில் மேசன் கூரை விளிம்பை ஒரு சுவர் என்று நினைத்து அத்திவாரம் வெட்டிவிட்டார். அந்தக் கதையை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் பெண்சாதி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே சொன்னாள்:

“கோட்டுக்கு நடுவில ‘ம’ எண்டு போடுங்களன். மறுகாக்கு ம. ம இரிந்தா கை வைக்கப்படா, ம இல்லாட்டி கட்டு. மேசன்மாருக்கு இதுக்கு மேல என்னத்துக்கு விளக்கம்?”

எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கே எழுதினேன். ஒரு நீளக் கீறல், ஓர் இடைவெளி, ஒரு ம, ஓர் இடைவெளி. அதற்கு ‘மறுகா’ என்றே பெயர் வைத்தேன். மேசன்மாருக்குப் பழகிப்போய், கொஞ்ச நாளில் மற்ற ஆட்கள் கீறின படத்தையும் பிடித்துக்கொண்டு ‘இதுல ம எங்க?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். அவளுக்கு அதில் பெருமை. ஊரில் பாதி வீட்டில் தன் எழுத்து இருக்கிறது என்று அயலில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுப் படத்தைத் திறக்கச் சொன்னாள்.

“எங்களுக்கும் ஒண்டு கீறுங்க. கிணத்துக்கு அங்கால, மூலையில. புள்ளக்கி கலியாணம் முடிஞ்சா நாம அங்க போவம்.”

எங்களுக்கு ஒரே ஒரு மகள். மகளுக்குக் கல்யாணம் முடிந்தால் பெற்றவர்கள் பெரிய வீட்டைப் புதுப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு ஒதுங்குவது இங்கே முறை. இன்னொரு மகள் இருந்தால் அவளுடைய வீட்டுக்குப் போவார்கள், இல்லையென்றால் வளவின் மூலையில் ஒரு சின்ன அறை. நான் கீறினேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு அளவு சொன்னாள். இரண்டு கட்டில் போட ஏலுமா என்று பார்க்கச் சொன்னாள், ஒரு கட்டிலில் கிடந்துகொண்டு என் குறட்டையைக் கேட்க இனியும் ஏலாது என்றாள். நாலு குட்டிச் சுவர், நாலிலும் ம. மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம்கூட முடியவில்லை.

போன வருடம் என் பெண்சாதி மௌத்தானாள். காலையில் நெஞ்சு நோகுது என்றாள், வாயுவாக இருக்கும் என்று அவளே சொன்னாள், ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் இதே வரியைத்தான் சொன்னேன், சொல்லிச் சொல்லி அது வேறு யாருக்கோ நடந்ததுபோல் ஆகிவிட்டது.

மார்க்கத்தில் பெண்ணுக்கு இத்தா இருக்கிறது. புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டில் இருப்பாள், யாரும் அவளிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆணுக்கு அப்படி ஒன்று கிடையாது. மையவாடியில் இருந்து வந்து கத்தமும் ஓதி முடித்த பிறகு, சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். பந்தல் கழற்றிய வாரமே ஒருவர் வந்து, மன்னிக்கோணும் காக்கா இந்த நேரத்தில வந்ததுக்கு, ஆனா மாநகர சபையில படத்த குடுக்கிறத்துக்குத் தவணை முடியுது என்றார். நான் கொடுத்தேன். கை அதன்பாட்டில் கீறியது.

கவலையாக இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பல்லுப் பிடுங்குகிறபோது ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தொழுதேன், தூங்கினேன்கூட. வேலை இல்லாத நேரத்தில் ஒருவரும் கேட்காத கோடுகளை எழுதினேன். மூடி போட்ட வடிகானுக்கு ஒன்று, மூடாத வடிகானுக்கு ஒன்று. கடற்கரையில் தோணி இழுத்துவைக்கிற மணல் விளிம்புக்கு ஒன்று. மின்கம்பிக்கு ஒன்று, அதற்குள் தெருவிளக்கு எரிகிற கம்பத்துக்கு வேறு, எரியாத கம்பத்துக்கு வேறு. இந்தக் கடைசிக் கோட்டை எந்தச் சபைக்குக் கொடுப்பது? எண்களை எழுதி, கடைசித் தட்டைத் தட்டி, கோட்டைத் திரையின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு இழுத்துப் பார்த்துவிட்டு அழிப்பேன். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை, வீட்டுக்குள் நுழைந்தால் வாய் ஓயாது. உம்மா போன பிறகு அவளும் பேச்சைக் குறைத்துவிட்டாள். உப்புக் காணுமா, ஓம் போதும். மழை வருமா, தெரியா. இந்த அளவில் வீடு ஓடியது.

இந்த நிலையில் அவளுக்குச் சம்மந்தம் சரியாயிற்று. உம்மா இருக்கும்போதே பேசி வைத்த இடம்தான். நல்ல பெடியன், மருதமுனைக்காரன். கல்யாணத்துக்கு முன் முன்மண்டபத்தைக் கொஞ்சம் நீட்டி, அவர்களின் அறையோடு ஒட்டி ஒரு குளியலறையும் கட்ட வேண்டும் என்றார்கள். ஞாயமான கேள்வி. வீட்டை மகளின் பேரில் எழுதினோம். சரீஅத்துப்படி எனக்கு வரவேண்டிய பங்கையும் சேர்த்து அவளுக்கே எழுதிக் கொடுத்தேன். இங்கே எந்த வாப்பாவும் அப்படித்தான் செய்வார், இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று பின்னேரம் என் ராத்தா வந்தாள். ராத்தா என்னை வளர்த்தவள் மாதிரி, அதனால் எதையும் சுற்றி வளைக்க மாட்டாள்.

“இனி நீ எங்க இரிக்கப் போறாய்?”

“இஞ்சதான்.”

“இஞ்ச எண்டா? மருமகன் வாற வீட்டில, உம்மாவும் இல்லாம, நீ தனிய நடு மண்டபத்தில சாரன உடுத்துக்கொண்டு குந்தி இரிக்கப் போறியா? அந்தப் புள்ளைகளுக்குச் சிரிச்சுக் கதைக்க ஏலுமா?”

அது உண்மை. உம்மா இருக்கிற வீட்டில் வாப்பா இருப்பதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். உம்மா இல்லாத வீட்டில் வாப்பா இருந்தால், புது மாப்பிள்ளை வந்த வீட்டில் ஒரு பழைய மாப்பிள்ளையும் இருக்கிற கணக்கு. ராத்தாவின் வீட்டுக்கு நான் போகலாம், ஆனால் அதுவும் அவளுடைய மகளுக்குக் கொடுத்த வீடு. அவளே குசினியோடு ஒட்டின அறையில்தான் இருக்கிறாள்.

“அக்கரைப்பத்தில ஒரு மனிசி இரிக்கி” என்றாள். “புருசன் மௌத்தாகி ரெண்டு மூணு வருசம். புள்ள குட்டி இல்ல. சொந்த வீடு, கிணறு, எல்லாம் இரிக்கி. நல்ல குணம். புள்ளட கலியாணத்தோட உன்ட நிக்காஹ் காவினையும் சத்தமில்லாம எழுதிருவம். என்ன சொல்றாய்?”

“சரி” என்றேன்.

அந்த மாதங்களில் நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னேன். கறிக்குச் சரி, சாயத்துக்குச் சரி, டைல்ஸ் நிறத்துக்குச் சரி. ஒரு மனிசியின் வீட்டுக்கு இன்னொரு தரம் பையைத் தூக்கிக்கொண்டு போவதற்கும் அதே சரிதான். அந்த மனிசியைப் பற்றி எனக்கு ஒரு கேள்விகூட வரவில்லை, அவ பாவம். மகள் அறைக்குள் இருந்தாள், கேட்டிருப்பாள். வாப்பாவின் நிக்காஹ்வைப் பற்றி ஒரு மகள் வாப்பாவோடு கதைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வீடு தனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒழிந்து கிடைக்கிறது, அவளுக்கு அது நல்லதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

படத்தை நான்தான் கீறினேன். பழைய படத்தைத் திறந்து, மண்டபத்தை நீட்டி, குளியலறையைச் சேர்த்து, வளவின் எல்லைகளைப் புதிதாகப் போட்டேன். தெருப்பக்கம் மதில், பின்பக்கம் முள்ளுக்கம்பி, ஒரு பக்கம் இன்னும் கிடுகு. திரையில் வேலிகள் நெருக்கிப்போய்க் கறுப்பாகத் தெரிந்தன. கோட்டு அளவைக் கூட்டினால், திரும்பித் திரும்பி வருகிற அந்த மாதிரி பெரிதாகிக் கோடு விரியும். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். வேலிகள் அழகாக வந்தன. பிரின்ட் எடுத்து, ஒரு பிரதியைச் சபைக்கும் ஒன்றை மாப்பிள்ளை வீட்டாருக்கும் கொடுத்து, ஒன்றை மேசனுக்கென்று மேசையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. மகள் பாடசாலைக் கதைகளைத் திரும்பச் சொல்லத் தொடங்கினாள். ஒரு பெடியன் மூக்குக்குள் பயறு போட்டுக்கொண்ட கதையைச் சொல்லி அவளே சிரித்தாள். கல்யாணம் நெருங்குகிறது, சந்தோசமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சின்ன நோவுகூட வந்தது என்று இப்போது சொல்லலாம். நான் போகப்போகிறேன் என்பதால் சிரிக்கிறாளோ என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டேன்.

மேசன் சவளக்கடை ஆள். வயலும் செய்கிறவர். விதைத்துவிட்டு வந்தால் அறுவடைக்கு முன் வேலையை முடித்துக்கொண்டு ஓட வேண்டும், அதனால் கால் வைத்ததும் எங்கே வெறும் நிலம் இருக்கிறதோ அங்கே வெட்டத் தொடங்கிவிடுவார். அவர் வந்த அன்று நான் நற்பிட்டிமுனையில் ஒரு காணி அளக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாசலில் ராத்தா நின்றாள். முகம் சரியில்லை.

“நீ என்ன மனிசன்?” என்றாள். “எனக்கிட்ட சரி எண்டு சொல்லிப்போட்டு, அங்கால உனக்கு அறையும் கட்டுறாய். புள்ள என்னைக் கூப்பிட்டு வேணாம் மாமி, வாப்பா எங்கயும் போகமாட்டாரு எண்டு சொல்லுது. அந்த மனிசிக்கு நான் என்ன மறுமொழி சொல்ற?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறை ஒன்றும் கட்டவில்லையே என்றேன். அவள் என்னைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். கிணற்றுக்கு அங்கால், மூலையில், முளை அடித்து நூல் கட்டி மூன்று பக்கம் அத்திவாரம் வெட்டி முடிந்திருந்தது. நாலாவது பக்கத்தை மேசன் வெட்டிக்கொண்டிருந்தார். மண் ஈரமாக ஒரு பக்கம் குவிந்து கிடந்தது.

நான் உள்ளே போய் மேசையில் இருந்த பிரின்டை விரித்துப் பார்த்தேன். மூலை அறையின் நாலு சுவரும் முழுக் கோடு. ஒரு ம இல்லை.

உட்கார்ந்து யோசிக்கவே தேவைப்படவில்லை, அது எந்த நோய் என்று எனக்குத் தெரியும். ஒரு கோட்டின் நீளத்துக்குள் மாதிரி ஒரு தடவையாவது முழுதாக அடங்க வேண்டும். கீறல், இடைவெளி, ம, இடைவெளி, இவ்வளவுக்கும் இடம் காணாவிட்டால் மென்பொருள் ஒன்றும் கேட்காது, எச்சரிக்காது, வெறும் முழுக் கோடாகக் கீறிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். வேலிகளுக்காக நான் கூட்டின அளவு படம் முழுவதற்கும் சேர்த்துக் கூடியது. நீண்ட வேலிகளுக்கு அது பொருந்தியது. அறையின் குட்டிச் சுவர்களுக்கு மாதிரி பெரிதாகிப்போய், ம விழ இடம் இல்லாமல் போயிற்று. மற்ற வீடுகளில் என்றால் ஒரு மாடி முழுக்க மறுகாவாக இருக்கும், ஒன்றிரண்டு சுவர் பிழைத்தால் கண்ணில் படும். எங்கள் வீட்டில் மறுகாவாக இருந்தது அந்த ஓர் அறை மட்டும்.

மேசன் மேல் பிழை இல்லை. ம இல்லாவிட்டால் கட்டு. மகள் மேலும் பிழை இல்லை. அவள் பிறந்ததில் இருந்து இந்தப் படங்களுக்கு நடுவில் வளர்ந்தவள், கோடு படிக்கத் தெரியும். மேசையில் கிடந்த பிரின்டில் மறுகா அறை முழுக் கோடாக மாறியிருந்ததைப் பார்த்தாள். வாயால் சொல்லாததை வாப்பா கீறிக் காட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

ராத்தா முன்னால் நாற்காலியில் முனகிக்கொண்டிருந்தாள். நான் குசினிக்குப் போனேன். மகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிழையைப் பிழை என்று சொல்ல வேண்டும், அது வேலை செய்கிறவனின் கடமை. அந்த எண்ணம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

“புள்ள, பின்னுக்கு வெட்டுறது பிழையா வெட்டுற. அது மறுகாக் கோடு. நீளம் காணாம பிரின்டில முழுசா விழுந்திட்டு.”

அவள் துருவுகிறதை நிறுத்தினாள். திரும்பவில்லை.

“அப்ப வாப்பா அத மாத்திக் கீறலையா?”

“இல்ல. அது உம்மா இரிக்கக்குள்ள கீறினது. அப்பிடியே கிடந்தது.”

பின்னால் மண்வெட்டி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நான் மாமிக்கு வேணாம் எண்டு சொல்லிட்டன்” என்றாள். “மருதமுனையில அவருக்கிட்டயும் சொல்லிட்டன், எங்கட வாப்பா எங்களோடதான் இரிப்பாரு எண்டு. அவரும் சந்தோசம் எண்டாரு.”

“நான் போனா ஒனக்கு லேசு எண்டு நெனச்சன்.”

“நான் வாப்பாக்குத்தான் போக விருப்பம் எண்டு நெனச்சன். மாமி கேட்ட ஒடன சரி எண்டீங்களே. ஒரு நிமிசம்கூட யோசிக்கல்ல.”

“நான் எல்லாத்துக்கும் அப்பிடித்தான் புள்ள சொல்ற. எனக்கு ஒண்டும் விளங்குதில்ல.”

அதை அதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அவளும் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“அப்ப மண்ணைப் போட்டு மூடச் சொல்லவா?”

வாயில் தயாராக அந்தச் சரி இருந்தது. அது வெளியே வர மறுத்தது. அக்கரைப்பற்றுக்குப் போகிற பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு நான் இருப்பது தெரிந்தது. யாரோ ஒரு மனிசியின் குசினியில் எந்தக் கோப்பை யாருடையது என்று தெரியாமல் நிற்பது தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை மாதத்தில் என்னுடையது என்று சொல்லக்கூடிய முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான்.

அப்போது பின்னால் இருந்து மேசன் கூப்பிட்டார்.

“காக்கா, ஒருக்கா வாங்க.”

நாங்கள் இரண்டு பேரும் போனோம். நாலாவது பக்கமும் முடிந்துவிட்டிருந்தது. மேசன் குழிக்குள் நின்றபடி பிரின்டை மண் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இதுக்குக் கதவு எங்க? நாலு பக்கமும் சுவர்தான் கீறியிரிக்கி. ஆள் எதால உள்ள போற?”

மறுகா அறைகளுக்கு நான் கதவும் ஜன்னலும் கீறுவதில்லை. கட்டுகிற காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சுவரை மட்டும் விட்டுவிடுவேன். எங்கள் அறையையும் அப்படித்தான் விட்டிருந்தேன். மேசன் காத்துக்கொண்டு நின்றார். மகள் என் பக்கத்தில் நின்றாள், அவள் எனக்காகப் பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. மேசனிடம் இரண்டு வார்த்தையில் சொல்லலாம், பிழையாக விழுந்த கோடு, மூடுங்கள் என்று. நாளைக்கே மண் இறுகிவிடும்.

“கதவு குசினிப் பக்கம் வைங்க” என்றேன். “துறந்தா புள்ளட குசினி தெரியோணும்.”

“சரி காக்கா. அகலம்?”

கதவின் அகலம் எனக்குத் தெரியாதா? எத்தனை கதவு கீறியிருப்பேன். சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தைக்குப் பதில் அழுகை வந்தது. மையவாடியில் வராதது, ஆட்கள் வந்து கையைப் பிடித்தபோதெல்லாம் வராதது, மேசனுக்கு முன்னால், பட்டப்பகலில், சத்தமாக வந்தது. அவள் இல்லை, இனி வரமாட்டாள், அவள் அளவு சொன்ன அறைக்குள் நான் தனியாகப் போகப்போகிறேன். மண்குவியலில் உட்கார்ந்துவிட்டேன். மேசன் பிரின்டை மடித்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். மகள் என் பக்கத்தில் குந்தி, தேங்காய்ப்பூ ஒட்டின கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு அளவைச் சொன்னாள்.

“மூணடி வைங்க.”